எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றா? கல்வி உளவியல் சொற்களைப் புரிந்து படிக்க உதவுங்கள்

கோபி_ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை வளர்ச்சி, கற்பித்தல் முறை பகுதியிலிருந்து வரும். வழிகாட்டி நூல்களைத் திறந்தால் பாவ்லவ் என்றால் நாய், தார்ன்டைக் என்றால் பூனை, ஸ்கின்னர் என்றால் எலி, கோலர் என்றால் மனிதக் குரங்கு. இப்படி ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்துவிட முடிகிறது. ஆனால் கேள்வி ஒரு வகுப்பறை நிகழ்ச்சியாக வந்துவிட்டால் பேனா நின்றுவிடுகிறது.

பயிற்சித் தாளில் வந்த கேள்வி இது: "வாரம் முழுவதும் வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்தவர்கள் சனிக்கிழமை படியெடுத்து எழுத வேண்டியதில்லை என்று ஆசிரியர் அறிவிக்கிறார். இது எவ்வகை?" எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் 'தண்டனை' என்கிறார்கள், மீதிப் பேர் 'நேர்மறை வலுவூட்டல்' என்கிறார்கள். விடைக்குறிப்பில் 'எதிர்மறை வலுவூட்டல்' என்று இருக்கிறது. நல்லதைத்தானே செய்கிறார் ஆசிரியர், அதில் எதிர்மறை எங்கே வந்தது?

பெருந்துறையார்

அம்மணி, விடைக்குறிப்பு சரி. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பாடம் நடத்திய காலம் முழுவதும் மாணவர்கள் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

செயலின் விளைவு அந்தச் செயலைக் கூட்டுமா குறைக்குமா என்று ஆராய்ந்த ஸ்கின்னரின் கணக்கில் நேர்மறை, எதிர்மறை என்பவை நல்லது, கெட்டது அல்ல. கூட்டுவதும் கழிப்பதும்தான். இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, அந்தச் செயல் இனிமேல் கூடுமா, குறையுமா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. இரண்டு, செயலுக்குப் பின் ஏதாவது ஒன்று வந்து சேர்ந்ததா, விலகிப் போனதா? சேர்ந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை. உங்கள் கேள்வியில் வீட்டுப்பாடம் செய்யும் பழக்கம் கூடுகிறது. படியெடுக்கும் வேலை விலகுகிறது. எனவே எதிர்மறை வலுவூட்டல்.

தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தச் சொல்லை இத்துடன் விட எனக்கு மனம் வரவில்லை. கணக்குத் தேர்வு அன்று காலையில் ஒரு பையனுக்கு வயிறு வலிக்கிறது. அம்மா பயந்துபோய் வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார். பத்து மணிக்கு வலி போய்விடுகிறது. பையன் நடிக்கவில்லை, அவனுக்கு உண்மையாகவே வலித்தது. ஆனால் தேர்வு பற்றிய அச்சம் விலகியதால் அடுத்த தேர்வுக்கும் அதே வலி வரும், இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக வரும். அம்மா யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை. இருந்தும் ஒரு பழக்கம் வேர் பிடித்துவிட்டது.

அடுத்தது ஆசிரியரைப் பற்றியது. வகுப்பு இரைகிறது. ஆசிரியர் மேசையைத் தட்டிக் கத்துகிறார். உடனே அமைதி. இரைச்சல் விலகியதால் வலுப்பெற்றது எது? ஆசிரியரின் கத்தல்! பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் மறுபடி பேசத் தொடங்குவார்கள், அவரும் மறுபடி கத்துவார். அடியும் திட்டும் பிள்ளையைத் திருத்துவதில்லை என்று தெரிந்தும் பள்ளிகளில் அவை ஏன் ஒழியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டத்தைப் படித்த ஆசிரியர்களும் கை ஓங்குகிறார்கள் என்றால், அந்தக் கை எங்கே பழகியது என்று பார்க்க இந்தச் சொல் வேண்டும்.

கோபி_ஆசிரியை

ஐயா, மிக்க நன்றி. எங்கள் பள்ளியில் தினமும் வயிற்று வலி என்று வரும் பிள்ளை ஒன்று இருக்கிறது. இதே கண்ணால் அவளைக் கவனிக்கிறேன்.

பனியன்_நகர்

நான் ஆசிரியர் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு. அவளாகவே கதைப் புத்தகம் எடுத்துப் படிப்பாள். டியூஷனில் பத்துப் பக்கம் படித்தால் ஒரு சாக்லேட் என்று ஆரம்பித்தார்கள். முதலில் வேகமாகப் படித்தாள். இப்போது டியூஷனை நிறுத்திவிட்டோம். புத்தகத்தைக் கையில் கொடுத்தால், "படித்தால் என்ன தருவீர்கள்?" என்று கேட்கிறாள். வலுவூட்டல் என்றால் பழக்கம் கூட வேண்டும் அல்லவா? இவளுக்கு ஏன் குறைந்தது?

பெருந்துறையார்

நீங்கள் கேட்டது அருமையான கேள்வி தம்பி. ஸ்கின்னரை மட்டும் படித்தவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் காட்டிய மழலைப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது முதல் குழுப் பிள்ளைகள் மட்டும் தாமாக வரைவதைக் குறைத்திருந்தார்கள். மற்ற இரு குழுக்களிலும் ஆர்வம் அப்படியே இருந்தது. 'நான் பரிசுக்காகத்தான் இதைச் செய்கிறேன்' என்று பிள்ளையின் மனமே காரணத்தை மாற்றி எழுதிக்கொள்கிறது. உள்ளார்ந்த ஊக்கம் இருக்கும் இடத்தில் புற ஊக்கத்தை முன்கூட்டியே பேரம் பேசிக் கொடுத்தால் வரும் விளைவு இது.

அதற்காகப் பரிசே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுத்துக்கூட்டவே அஞ்சும் பிள்ளைக்குத் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரம் நல்ல தூண்டுகோல்தான். கெடுதல் நேர்வது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு விலை வைக்கும்போதுதான். உங்கள் மகளுக்கு இப்போதைக்கு எதுவும் தர வேண்டாம். புத்தகத்தைப் பற்றி அவளிடம் பேசுங்கள். கதையில் யார் வந்தார்கள், அடுத்து என்ன ஆகும் என்று கேளுங்கள்.

உங்கள் தொழிலிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. பீஸ் ரேட் என்பது நிலைத்த விகித வலுவூட்டல், இத்தனை உருப்படிக்கு இவ்வளவு. நாள் குறித்து நடத்தும் பருவத் தேர்வு நிலைத்த இடைவெளி வகை. அதனால்தான் பிள்ளைகள் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் விழித்துப் படிக்கிறார்கள், முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எத்தனை முறை முயன்றால் வரும் என்று தெரியாத பரிசு மாறும் விகித வகை. லாட்டரியும் கைப்பேசியும் மனிதரைப் பிடித்து வைத்திருப்பது அந்த வழியில்தான்.

நாமக்கல்_தகப்பன்

பேச்செல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் மகன் இந்தப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். தினமும் தேர்வு, ஞாயிற்றுக்கிழமையும் தேர்வு. பத்தாம் வகுப்பில் ஊர்ப் பள்ளியில் இருந்தபோது எதுவும் நினைவில் நிற்கவில்லை, இப்போது நிற்கிறது. பிள்ளைகளுக்கு அழுத்தம் கூடாது, தேர்வே கூடாது என்று பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாங்கள் கோழிப்பண்ணை வைத்துப் பிழைப்பவர்கள். எங்களுக்கு மதிப்பெண்தான் படிக்கட்டு.

பொள்ளாச்சி_சிறப்பாசிரியர்

நாமக்கல் அண்ணா சொல்வதில் பாதிக்கு ஆய்வே சாட்சி சொல்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 83 விழுக்காடும் மற்றவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 40, நினைவிலிருந்து எழுதியவர்கள் 61. இதில் என்னைக் கவலைகொள்ள வைப்பது வேறு. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். தன் அறிவைத் தானே அளக்கும் திறன் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்கு இது சான்று.

ஆக, அடிக்கடி தேர்வு எழுதுவது நினைவை உறுதிப்படுத்துகிறது. உங்கள் மகனுக்கு நினைவில் நிற்பதன் காரணம் அதுவாக இருக்கலாம். ஆனால் இதற்கு மதிப்பெண் பட்டியல் தேவையில்லை, தரவரிசையைச் சுவரில் ஒட்டத் தேவையில்லை, குறைந்தவரை எழுப்பி நிற்கவைக்கத் தேவையே இல்லை. நினைவை மீட்டெடுக்கும் முயற்சிதான் வேலை செய்கிறது, அவமானம் அல்ல. அந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி விற்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

நாமக்கல்_தகப்பன்

அவமானம் என்று யார் சொன்னது? போட்டி இருந்தால்தான் முயற்சி வரும்.

பொள்ளாச்சி_சிறப்பாசிரியர்

யாருக்கு வரும் அண்ணா? முதல் பத்து இடத்தில் இருப்பவனுக்கு வரும். கடைசிப் பத்தில் இருப்பவனுக்கு என்ன வரும் என்பதைத்தான் பண்டூராவின் தன்திறன் நம்பிக்கை என்ற கருத்து விளக்குகிறது. 1977-இல் அவர் முன்வைத்தது. 'இந்த வேலையை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழியில் வருகிறது என்றார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் வெல்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதுதான் வலிமையானது. தினமும் தேர்வெழுதி, தினமும் கடைசியில் வருகிற பையனுக்குத் தினமும் கிடைப்பது தோல்வியின் அனுபவம். 'உன்னால் முடியும்' என்று சுவரில் எழுதி வைத்தால் அது ஈடாகாது. அதே பையனுக்கு அவன் எட்டக்கூடிய ஐந்து கேள்விகளைக் கொடுத்து, போன வாரத்து அவனோடு இந்த வாரத்து அவனை ஒப்பிட்டுக் காட்டுங்கள். தேர்வு அதேதான், விளைவு வேறு.

நம் மாநிலத்தில் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்ததன் நோக்கமும் இதுதான். வளரறி என்பது சமைக்கும்போதே உப்புப் பார்ப்பது. பல பள்ளிகளில் அந்த 40-ஐயும் பதிவேட்டில் நிரப்பும் எண்ணாக்கிவிட்டார்கள்.

நாமக்கல்_தகப்பன்

போன வாரத்து அவனோடு ஒப்பிடுவது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மகனின் வாராந்தர மதிப்பெண்ணை நானே வரிசையாக எழுதி வைத்துப் பார்க்கிறேன். போட்டி பற்றி என் கருத்து மாறவில்லை.

தாளவாடி_மலை

தாளவாடி மலையில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்த பிறகு எங்களில் பலர் மறுபடி மாணவராகிவிட்டோம். வகுப்பில் நெடுங்காலமாகச் செய்துவருவதற்கு இப்போது பெயர் தேடிப் படிக்கிறேன். சலிப்பாகத்தான் தொடங்கினேன். ஆனால் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளரிடம் வந்ததும் நின்றுவிட்டேன்.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம், ஊராளி, சோளகர் பேச்சு. பள்ளிக்கு வந்தால் தமிழ்ப் பாடநூல். ஒன்றாம் வகுப்பில் கணக்குப் போடும்போது பிள்ளை தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே போடும், அதுவும் வீட்டுப் பேச்சில். பார்வையிட வருபவர்கள், "வாயை மூடிக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்" என்பார்கள். நான் விட்டுவிடுவேன். எனக்கு அப்போது காரணம் சொல்லத் தெரியாது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே இந்த முணுமுணுப்பைத் தன்மையப் பேச்சு என்றார், வளர வளர உதிர்ந்துவிடும் என்று கருதினார். வைகாட்ஸ்கி அதை மறுத்தார். அது உதிர்வதில்லை, உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார். கடினமான வேலை வரும்போது முணுமுணுப்பு கூடுவதை அவர் கவனித்திருக்கிறார். வாயை மூடு என்றால் அந்தப் பிள்ளையின் சிந்தனையை மூடு என்று பொருள். வீட்டு மொழியைப் பேசாதே என்றால் சிந்திக்கும் கருவியையே வெளியே வைத்துவிட்டு வா என்று பொருள். இதை எங்கள் வட்டாரத்தில் எல்லா ஆசிரியர்களும் படிக்க வேண்டும்.

அவருடைய அண்மை வளர்ச்சி மண்டலம் என்ற கருத்தும் அப்படித்தான். பிள்ளை தனியாகச் செய்வதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்வதற்கும் இடையில் உள்ள தூரம் அது. தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது, கற்றல் நிலையில் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாக அமர்த்தினோம். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நிலை பிரிப்பது மட்டும் வைகாட்ஸ்கி ஆகிவிடாது. அரும்பில் இருக்கும் பிள்ளைகள் அரும்போடு மட்டுமே ஆண்டு முழுவதும் அமர்ந்திருந்தால் கைபிடிக்கும் 'தெரிந்தவர்' யார்? நான் வாரத்தில் சில வேளைகள் மலர்ப் பிள்ளை ஒருவரை அரும்பு வட்டத்தில் உட்காரவைக்கிறேன். இருவரும் கற்கிறார்கள்.

பெருந்துறையார்

டீச்சர், வணங்குகிறேன். ஒரு சிறு சேர்க்கை மட்டும், தேர்வுக்கும் உதவும். பிள்ளை தனியாகச் செய்யும்வரை தெரிந்தவர் தற்காலிகமாகத் துணை கொடுப்பதைச் சொல்லும் சாரம் கட்டுதல் என்ற கருத்தை எல்லா வழிகாட்டியும் வைகாட்ஸ்கியின் சொல்லாகவே தருகின்றன. அவர் 1934-இல், 37 வயதில், காசநோயால் இறந்துவிட்டார். அந்தச் சொல் உட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரையில் வருவது. கருத்துகள் பொருந்துகின்றன, ஆள் வேறு. சாரத்தைப் படிப்படியாகக் கழற்ற வேண்டும் என்பதும் அந்தக் கருத்தின் பகுதிதான். கழற்றாத சாரத்துக்கு நம்மூரில் டியூஷன் என்று பெயர்.

கரூர்_பிஎட்

எங்கள் கல்லூரியில் பிள்ளைகளைக் காட்சிவழி, செவிவழி, செயல்வழி என்று மூன்றாகப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள். அதற்கு வினாநிரலும் இருக்கிறது. இதை யாரும் குறிப்பிடவில்லையே?

பொள்ளாச்சி_சிறப்பாசிரியர்

வேண்டுமென்றேதான் நான் குறிப்பிடவில்லை தம்பி. பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கிறது, உண்மை. ஆனால் விருப்பமான வழியில் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லர் குழுவினர் 2008-இல் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். பாடம் எதைக் கேட்கிறதோ அந்த வழிதான் வழி. நிலப்படத்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் எப்படிக் கற்பது? செய்யுளின் ஓசையைக் கேட்காமல் எப்படி உணர்வது? எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வழியும் திறந்திருக்க வேண்டும். வகைப்படுத்திவிட்டால், "நான் செவிவழிப் பிள்ளை, எனக்குப் படிக்க வராது" என்று பிள்ளையே சொல்லத் தொடங்கிவிடும்.

நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்கு என் வேலை காரணம். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைக்கு எழுத்தையும் ஒலியையும் இணைக்க முறையான, பொறுமையான பயிற்சி வேண்டும். அதைக் கண்டறிந்து உதவ வேண்டிய வயதில், "இவன் செயல்வழிக் கற்பவன்" என்று சொல்லி களிமண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் சேர்த்திருக்கிறது. உரிமை இருக்கிறது, கண்டறிதல்தான் தாமதமாகிறது.

செயல்நினைவு என்ற சொல்லையும் இதோடு படியுங்கள். மில்லர் 1956-இல் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடியவை ஏழு, அதிலிருந்து இரண்டு கூடக் குறைய என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் நான்கு அளவில்தான் என்கின்றன. "நோட்டை எடு, தேதி போடு, 42-ஆம் பக்கம் மூன்றாம் கணக்கைப் பார், கோடு போட்டு எழுது, முடித்ததும் இரண்டாம் பக்கத்தோடு சரிபார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பாதியில் விழிக்கும் பிள்ளையைக் கவனக்குறைவு என்கிறோம். அவன் கவனித்தான். மனத்தில் அத்தனைக்கும் இடம் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கரூர்_பிஎட்

தேர்வில் வந்தால் என்ன எழுதுவது?

பொள்ளாச்சி_சிறப்பாசிரியர்

பாடத்திட்டத்தில் உள்ள வகைகளை எழுதுங்கள், மதிப்பெண் வேண்டும். வகுப்பறையில் பிள்ளையின் நெற்றியில் ஒட்டாதீர்கள்.

கோபி_ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. நாமக்கல் அண்ணாவுக்கும்தான், அவர் மறுத்துப் பேசியதால்தான் பாதி விளக்கம் கிடைத்தது. இனிமேல் வழிகாட்டியைத் திரும்பத் திரும்ப வாசிக்காமல், மூடிவைத்துவிட்டு நானே கேள்வி எழுதிப் பார்க்கப் போகிறேன். பியாஜே பகுதிக்கு ஒன்று தயாரித்திருக்கிறேன், சரிபார்த்துத் தாருங்கள்.

"ஆசிரியர் புளியங்கொட்டைகளை இரண்டு வரிசையாக, ஒன்றுக்கு ஒன்று நேராக அடுக்குகிறார். இரண்டும் சமம் என்கிறாள் ஐந்து வயதுக் குழந்தை. கீழ் வரிசையைக் குழந்தையின் கண்முன்னே அகலமாகப் பரப்புகிறார். இப்போது கீழ் வரிசையில்தான் அதிகம் என்கிறாள். இக்குழந்தை பெறாத கருத்து எது? அ) பொருள் நிலைத்தன்மை ஆ) மாறாத்தன்மை இ) தன்மையப் பேச்சு ஈ) சாரம் கட்டுதல்."

விடை ஆ. அடுக்கை மாற்றினாலும் எண்ணிக்கை மாறாது என்ற புரிதல்தான் மாறாத்தன்மை. குழந்தை இருப்பது மனச்செயல்பாட்டுக்கு முற்பட்ட நிலை, 2 முதல் 7 வயது.

தாளவாடி_மலை

விடை சரி கோபி டீச்சர். ஆனால் வகுப்பில் இதைச் செய்து பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாம் நகர்த்திவிட்டு, "இப்போது எதில் அதிகம்?" என்று மறுபடி கேட்டால், விடையை மாற்றச் சொல்கிறார் டீச்சர் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். மெக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் 1974-இல் ஒரு பொம்மைக் கரடி குறும்பாக வந்து வரிசையைக் கலைப்பதுபோல் செய்து காட்டிவிட்டுக் கேட்டார்கள். பல பிள்ளைகள் சமம் என்றே சரியாகச் சொன்னார்கள். பெரியவர் கையால் நகர்த்திக் கேட்டபோது தவறிய அதே வயதுப் பிள்ளைகள்!

பெருந்துறையார்

கேள்வி நன்றாக அமைந்திருக்கிறது அம்மணி. ஒரே திருத்தம். ஈ தெரிவு பிள்ளையின் கருத்தே அல்ல, கற்பிப்பவரின் செயல். படித்தவர் அதைப் பார்த்தவுடன் நீக்கிவிடுவார். அதற்குப் பதிலாக 'கருதுகோள் அமைத்துச் சிந்தித்தல்' என்று வையுங்கள். அப்போது 11 வயதுக்கு மேற்பட்ட நிலையோடு குழம்புகிறவர் யார் என்பதும் தெரிந்துவிடும். அடுத்த கேள்வியை, கற்கத் தயாராக இருக்கும்போதுதான் கற்றல் நன்றாக நிகழும் என்னும் தார்ன்டைக்கின் ஆயத்த விதியில் எழுதி இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.